மீன்தொட்டிப் பம்பி: உயரம், பாய்ச்சல், வெப்பம்

நீர் மேட்டிலிருந்து பள்ளத்துக்குத் தானாகவே பாயும். பள்ளத்திலிருந்து மேட்டுக்கு ஏற வேண்டுமாயின், அதற்காக ஒருவர் உழைத்தாக வேண்டும். எம் முன்னோர் துலாவினால் இறைத்த காலத்தில், கிணறு ஆழமாக ஆழமாக ஒரு மணி நேரத்தில் இறைபட்ட நீர் குறைந்தது. இறைத்தவர் உடலும் வெப்பமுற்று வியர்த்தது. இன்று எமது வீட்டு மீன்தொட்டியின் கீழ் ஓடும் சிறு மின்பம்பிக்கும் இவ்விதி பொருந்தும். இதனை அறியாது பெட்டியில் அச்சிட்ட எண்ணை மட்டும் நம்பிப் பம்பி வாங்குவோர், மீன்களை இழக்கவும் நேரிடலாம்.

பெரிய தொட்டிகளுக்கு வடிகட்டி கீழ்த்தொட்டி ஒன்றில் அமைக்கப்படுவதுண்டு. மேல்தொட்டியில் வழியும் நீர் அங்கே இறங்கித் தூய்மையாகும். அதனை மீண்டும் மேலே அனுப்புவதே பம்பியின் பணி. அதனுள் சுழலும் சிறு இறக்கைச் சக்கரம் நீரை வெளிநோக்கி வீசி அமுக்கத்தை உண்டாக்குகிறது.

அமுக்கம்

நீர் நிரலின் அமுக்கம் அதன் உயரத்தைப் பொறுத்தது. குழாயின் பருமனைப் பொறுத்ததன்று. 10 மீற்றர் உயர நீர் நிரல் ஏறத்தாழ ஒரு வளிமண்டல அமுக்கத்தைத் தரும். ஆகவே 1.2 மீற்றர் உயரத்துக்கு நீரை ஏற்றும் பம்பி, அதில் ஏறத்தாழ எட்டில் ஒரு பங்கை வென்றாக வேண்டும்.

பாய்ச்சல்

ஓர் உதாரணம் கொள்வோம். ஒரு பம்பியின் பெட்டியில் "மணிக்கு 2000 லீற்றர், உச்ச உயரம் 2 மீற்றர், 40 வாற்று" என்றிருக்கிறது. இவ்விரு எண்களும் ஒருங்கே கிடைப்பவை அல்ல. உயரமே இல்லாதபோது 2000 லீற்றர் பாயும். 2 மீற்றரை எட்டும்போது பாய்ச்சல் முற்றாக நின்றுவிடும். இடையே 1.2 மீற்றரில் 1000 லீற்றர் அளவே கிடைக்கும் எனக் கொள்வோம்.

குழாயின் உராய்வும் இதிலிருந்து ஒரு பங்கைப் பறிக்கும். விட்டம் பாதியான குழாயில் அதே அளவு நீர் செல்ல, 4 மடங்கு விரைவு வேண்டும். விரைவு இரட்டித்தாலே உராய்வு இழப்பு ஏறத்தாழ 4 மடங்காகும். எனவே அகன்ற குழாயும் குறைந்த வளைவுகளும் நன்று.

வெப்பம்

மணிக்கு 1000 லீற்றர் நீரை 1.2 மீற்றர் உயர்த்தத் தேவையான வலு ஏறத்தாழ 3 வாற்று மட்டுமே. பம்பி பெறுவதோ 40 வாற்று. எஞ்சிய 37 வாற்று எங்கே? அது வெப்பமாகிறது. பம்பி நீருள் மூழ்கியிருப்பின் அவ்வெப்பம் நீரையே சேரும். உயர்த்தப்பட்ட நீர் மீண்டும் கீழிறங்குகையில் அந்த 3 வாற்றும் இறுதியில் வெப்பமாகிவிடும்.

40 வாற்று ஒரு நாளில் 34,56,000 யூல் ஆகும். 200 லீற்றர் நீரை ஒரு பாகை செல்சியசு உயர்த்த 8,40,000 யூல் போதும். வெப்பம் வெளியேறாவிடின், ஒரே நாளில் நீர் ஏறத்தாழ 4 பாகை சூடேறும். உண்மையில் கண்ணாடி வழியாகவும் ஆவியாதலாலும் வெப்பம் வெளியேறுவதால், நீர் அறையை விடச் சற்றுச் சூடான ஒரு நிலையில் நின்றுவிடும்.

பனிக்காலத்தில் இவ்வெப்பம் சூடேற்றியின் சுமையைக் குறைக்கும். கோடையிலோ அதுவே பகையாகும். 20 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும். 30 பாகையில் ஏறத்தாழ 7.5 மில்லிகிராம் மட்டுமே. மீன்களுக்கோ வெப்பம் கூடக் கூட ஒட்சிசன் அதிகம் தேவைப்படும். தேவைக்கு மிஞ்சிய பெரும் பம்பியை வாங்குவது எப்போதும் நன்மையாகாமைக்கு இதுவே காரணம்.

செய்து பார்ப்போம்

பெரியவர் ஒருவரின் துணையுடன், மேல்தொட்டியின் நீர்மட்டத்தில் குழாயின் வாயைப் பிடித்து 10 லீற்றர் வாளியை நிரப்புங்கள். 36 வினாடியில் நிரம்பினால் பாய்ச்சல் மணிக்கு 1000 லீற்றர். சில மாதங்களின் பின் மீண்டும் அளந்து பாருங்கள். நேரம் கூடியிருப்பின், சக்கரத்திலோ குழாயிலோ அழுக்குப் படிந்திருக்கலாம். மின்னிணைப்பைத் துண்டித்த பின்னரே பம்பியைக் கழற்றித் துப்புரவு செய்க.

பெட்டியில் உள்ள எண் பம்பியைப் பற்றிச் சொல்கிறது. எமது தொட்டியைப் பற்றிச் சொல்வதில்லை. அதனை அளந்தறிவது எம் கடமை. தம் குறையை வாய்திறந்து சொல்ல இயலாத உயிர்களை வளர்க்கும் நாம், அவற்றுக்காகக் கணக்குப் பார்க்கவும் கற்றிருத்தல் வேண்டும்.