எந்த வாயில் யாருக்காகத் திறந்திருக்கிறது? – இணைய சேவையகமும் தீயரணும்

பன்னிரண்டாம் வகுப்புக்கு வலையமைப்புப் பாடம் நடத்துவதற்காக, ஆய்வகத்தில் இருந்த பழைய கணினி ஒன்றில் லினக்ஸ் நிறுவி, அப்பாச்சி, மைஎஸ்கியூஎல் ஆகியவற்றை ஏற்றி வகுப்பின் சேவையகமாக வைத்திருந்தேன். மாணவர்கள் தங்கள் கணினியிலிருந்தே வினவல் எழுதிப் பழகட்டும் என்று, அந்தக் கணினிக்குள் மட்டும் இயங்கிய தரவுத்தளத்தை எல்லாக் கணினிகளுக்கும் திறந்துவிட்டேன். பயிற்சிக்குத் தரவு வேண்டுமே என்று வகுப்புப் பெயர்ப்பட்டியலைப் பெற்றோரின் கைப்பேசி எண்களோடு ஏற்றியிருந்தேன். கடவுச்சொல்லும் எளிதில் ஊகிக்கக் கூடியதுதான்.

ஒருநாள் திறந்திருக்கும் வாயில்களின் பட்டியலைத் திரையில் காட்டினேன். ஒரு மாணவி எழுந்து, "மிஸ், 80 பக்கத்தைப் பார்க்க. 22 நீங்க உள்ளே போக. 3306 யாருக்காகத் திறந்திருக்கு?" என்று கேட்டாள். என்னிடம் சரியான பதில் இல்லை. அந்த வழியே யார் வேண்டுமானாலும் முழுப் பட்டியலையும் எடுத்திருக்கலாம். அன்று மாலையே உண்மைத் தரவை அழித்துவிட்டுக் கற்பனைப் பெயர்களை ஏற்றினேன். அவளுடைய கேள்வியை அடுத்த இரண்டு பாடவேளைகளுக்கான பாடமாக்கினேன். அந்தப் பாடத்தின் வடிவம் இது.

கற்றல் விளைவுகள்

• சேவையகத்தில் திறந்திருக்கும் வாயில்களைக் கண்டறிந்து ஒவ்வொன்றின் பயனையும் கூறுதல்.
• தீயரணுக்கான விதிகளைச் சரியான வரிசையில் எழுதுதல்.
• தீயரணால் தடுக்க முடியாதவற்றை அறிதல்.

வாயில் எண்கள்

ஐபி முகவரி கணினியைக் காட்டுகிறது. அந்தக் கணினியில் எந்தச் சேவைக்கு வந்த செய்தி என்பதைப் போர்ட் எண் காட்டுகிறது. ஒரு தெருவின் கதவு எண்ணும், அந்த வீட்டுக்குள் உள்ள அறை எண்ணும் போல என்று சொன்னால் மாணவர்களுக்குப் புரியும். போர்ட் எண்கள் 0 முதல் 65535 வரை உள்ளன. 0 முதல் 1023 வரை உள்ளவை பொதுவான சேவைகளுக்கு ஒதுக்கப்பட்டவை. எச்டிடிபி 80, எச்டிடிபிஎஸ் 443, தொலைவிலிருந்து நிர்வகிக்க உதவும் எஸ்எஸ்எச் 22. மைஎஸ்கியூஎல் பயன்படுத்துவது 3306.

பொதுமக்கள் பார்க்கும் இணையப் பக்கத்துக்கு 80, 443 ஆகிய இரண்டும் போதும். 22 நிர்வாகிக்கு மட்டும் தேவை. தரவுத்தளத்துக்கு வெளியாட்கள் நேரடியாக வர வேண்டிய தேவை இல்லை. அதே கணினியில் உள்ள இணையப் பக்கமே அதனிடம் கேட்டுக்கொள்ளும்.

வகுப்பறைச் செயல்பாடு: நாங்களே தீயரண்

ஒரு மாணவர் தீயரண். அவர் கையில் விதித்தாள். பத்து மாணவர்கள் தரவுப் பொட்டலங்கள். ஒவ்வொருவரிடமும் அனுப்புநர் முகவரி, செல்ல வேண்டிய போர்ட் எண் எழுதிய துண்டுச்சீட்டு இருக்கும். தீயரண் விதிகளை மேலிருந்து கீழாகப் படித்து, முதலில் பொருந்தும் விதிப்படி நடக்க வேண்டும்.

முதல் சுற்றில் "யாரையும் விடாதே" என்ற விதியை வேண்டுமென்றே முதலில் எழுதிக் கொடுங்கள். எவரும் உள்ளே போக முடியாது. இரண்டாம் சுற்றில் அதைக் கடைசிக்கு மாற்றுங்கள். விதிகளின் வரிசை ஏன் முக்கியம் என்பதை நாம் விளக்க வேண்டியிருக்காது.

மூன்றாம் சுற்றில் உள்ளிருந்து ஒருவர் வெளியே போய்ப் பதிலோடு திரும்புகிறார். அவர் சீட்டில் உள்ள எண் அனுமதிப் பட்டியலில் இல்லை. அவரை விடலாமா? இங்கே விவாதம் சூடுபிடிக்கும். மதியம் அனுமதிச் சீட்டோடு வெளியே போன மாணவரை வாயிற்காவலர் திரும்ப உள்ளே விடுவது போல, வெளியே சென்ற இணைப்பை நினைவில் வைத்து அதற்கான பதிலை மட்டும் தீயரண் அனுமதிக்கும்.

ஆய்வகச் செயல்பாடு

லினக்ஸின் உட்கருவில் உள்ள நெட்ஃபில்டர்தான் பொட்டலங்களை வடிகட்டுகிறது. அதற்கு விதி கொடுக்க ஐபிடேபிள்ஸ், என்எஃப்டேபிள்ஸ் ஆகியவை உள்ளன. தொடக்கநிலைக்கு உபுண்டுவில் கிடைக்கும் யுஎஃப்டபிள்யு எளியது. கீழ்க்காணும் வரிசையை மாற்றாமல் செய்க.

1. எஸ்எஸ் கட்டளையால் எந்தெந்தச் சேவைகள் காத்திருக்கின்றன என்று பட்டியல் எடுக்க. முகவரி 127.0.0.1 என்றிருந்தால் அந்தச் சேவை அந்தக் கணினிக்குள் மட்டும் கிடைக்கும், 0.0.0.0 என்றிருந்தால் எல்லா வழியிலும் கிடைக்கும்.
2. ஒவ்வொன்றின் எதிரிலும் "யாருக்காக?" என்று எழுதுக. பதில் இல்லாத சேவையை நிறுத்துக.
3. உள்ளே வருவனவற்றை மறுப்பது, வெளியே செல்வனவற்றை அனுமதிப்பது என அடிப்படை விதியை அமைக்க.
4. 22ஐ ஆசிரியர் கணினியின் முகவரிக்கு மட்டும் அனுமதிக்க.
5. 80, 443 ஆகியவற்றை எல்லோருக்கும் அனுமதிக்க.
6. இப்போது தீயரணை இயக்குக. நிலைமைப் பட்டியலைப் பார்த்துச் சரிபார்க்க.
7. வேறொரு கணினியிலிருந்து என்மேப் கருவியால் சோதிக்க. உள்ளிருந்து பார்ப்பது மட்டும் போதாது. வெளியிலிருந்தும் பார்க்க வேண்டும்.

முதல் முறை நான் நான்காம் படியை விட்டுவிட்டு ஆறாம் படிக்குப் போய்விட்டேன். ஏற்கெனவே இருந்த இணைப்பு அறுபடாததால் தவறு தெரியவில்லை. வெளியேறி மீண்டும் நுழைய முயன்றபோது வழி அடைந்திருந்தது. சேவையகம் அடுத்த மேசையில் இருந்ததால் எழுந்து போய்ச் சரிசெய்தேன். தொலைவில் உள்ள சேவையகமாக இருந்தால் நாமே நம்மைப் பூட்டிக்கொண்டவர்கள் ஆவோம்.

எச்சரிக்கை: என்மேப் சோதனையை நம் ஆய்வகக் கணினிகளில் மட்டுமே செய்ய வேண்டும். அனுமதியின்றிப் பிறர் கணினிக்குள் நுழைவது தகவல் தொழில்நுட்பச் சட்டம் 2000, பிரிவுகள் 43, 66 ஆகியவற்றின்படி குற்றமாகலாம் என்பதைச் செயல்பாட்டுக்கு முன்பே மாணவர்களிடம் சொல்லிவிடுங்கள்.

தீயரணால் முடியாதது

திறந்துவைத்த 443 வழியே வருவது நல்ல கோரிக்கையா, தரவுத்தளத்தை ஏமாற்றும் கோரிக்கையா என்று இத்தகைய எளிய தீயரண் பார்ப்பதில்லை. எனவே மென்பொருள்களை உடனுக்குடன் புதுப்பிப்பது, வலுவான கடவுச்சொல், காப்புநகல் ஆகியவையும் வேண்டும். பதிவுக் கோப்புகளைப் படிக்கும் பழக்கமும் வேண்டும். திரும்பத் திரும்பத் தவறான கடவுச்சொல் இடும் முகவரியைப் பதிவுக் கோப்பிலிருந்து கண்டறிந்து சிறிது நேரம் தடைசெய்ய ஃபெயில்2பேன் உதவும்.

2003 ஜனவரி 25 அன்று பரவிய ஸ்லாமர் என்னும் புழு நிரலை மாணவர்களுக்குச் சொல்லலாம். அது மைக்ரோசாஃப்ட் எஸ்கியூஎல் சர்வரின் குறை ஒன்றைப் பயன்படுத்தி, யுடிபி 1434 வழியே நுழைந்தது. நிரலின் அளவு 376 பைட்டுகள்தான். சுமார் பத்து நிமிடங்களில் உலகெங்கும் பரவியது. அந்தக் குறைக்கான திருத்தம் 2002 ஜூலையிலேயே வெளியாகியிருந்தது. அமெரிக்காவின் ஒஹையோ மாநிலத்தில் உள்ள டேவிஸ்-பெஸ் அணுமின் நிலையத்தில் அந்தப் போர்ட்டைத் தடுக்கும் தீயரண் இருந்தது. ஆனால் ஒப்பந்த நிறுவனத்துக்கான தனி இணைப்பு ஒன்று தீயரணைச் சுற்றிக்கொண்டு உள்ளே சென்றது. புழு அந்த வழியே நுழைய, பாதுகாப்பு நிலையைக் காட்டும் கணினி அமைப்பு ஏறத்தாழ ஐந்து மணி நேரம் இயங்கவில்லை. அப்போது அணு உலை நிறுத்திவைக்கப்பட்டிருந்தது. சுவர் வலுவாக இருந்தும், கணக்கில் வராத ஒரு வழி போதுமானதாக இருந்தது.

மதிப்பீடு

1. பள்ளி இணையப் பக்கத்துக்கான ஐந்து தீயரண் விதிகளை வரிசையாக எழுதுக.
2. 3306 திறந்திருக்கிறது, ஆனால் முகவரி 127.0.0.1. இது ஆபத்தா? காரணம் கூறுக.
3. தீயரண் இருந்தும் சேவையகம் பாதிக்கப்பட இரண்டு காரணங்கள் தருக.

நம்மில் பலர் கணினிப் பாடத்தோடு பள்ளியின் இணையப் பணிகளையும் பார்த்துக்கொள்கிறோம். நாம் ஏற்றும் ஒவ்வொரு பட்டியலிலும் நம்மை நம்பிக் கொடுக்கப்பட்ட பெயரும் கைப்பேசி எண்ணும் இருக்கின்றன. அந்த மாணவியின் கேள்வியை இப்போது ஆய்வகச் சுவரில் எழுதி ஒட்டியிருக்கிறேன். புதிய சேவை எதை நிறுவினாலும், முதலில் அதற்குப் பதில் எழுதிவிட்டுத்தான் வாயிலைத் திறக்கிறோம்.