‘வரை’ என்ற சொல்லைப் படியுங்கள்

தம்பி தங்கைகளே, லிட்டில் இந்தியா பக்கத்திலுள்ள சிம் லிம் ஸ்குவேரில் எஸ்எஸ்டி வாங்கப் போறீங்களா? பெட்டியில் ‘விநாடிக்கு 7,000 எம்பி வரை’ என்றிருந்தால், நான் முதலில் பார்ப்பது அந்த ‘வரை’யைத்தான்.

பெரிய கோப்புகளை விடாமல் எழுதும்போது எஸ்எஸ்டியின் கண்ட்ரோலர் சிப் சூடாகும். ஏறக்குறைய 80 டிகிரி செல்சியஸை நெருங்கினால், தன்னைக் காத்துக்கொள்ள அதுவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். ஹீட்சிங்க் உதவுவது அப்போதுதான். அது வேகத்தைக் கூட்டாது. குறையாமல் காக்கும், அவ்வளவுதான். பள்ளிப் பாடத்துக்கும் படம் பார்ப்பதற்கும் அந்தச் சூடே வராது. பல மதர்போர்டுகளில் உலோக மூடியும் கூடவே வருது. பிறகு மின்விசிறி வைத்த கூலருக்கு வெள்ளி எதுக்கு?

பொய் விளம்பரம் 2003ஆம் ஆண்டுப் பயனீட்டாளர் பாதுகாப்பு (நியாய வர்த்தகம்) சட்டப்படி தவறு. பயனீட்டாளர் சங்கத்தில் புகார் செய்யலாம். ஆனால் ‘வரை’ பொய் இல்லையே! அதைக் கவனிப்பது நம்ம பொறுப்பு.