அரைச் செவிடான மைக்

பூந்தமல்லி

அன்புள்ள மருமகளுக்கு,

ஆடி மூன்றாம் வெள்ளியன்று திருமுல்லைவாயிலில் உங்கள் தெருவுக்கு அடுத்த அம்மன் கோயில் திருவிழாவில் மெல்லிசைக் குழுவோடு மேடையேறிப் பாடப் போகிறாய் என்ற செய்தியையும், ஒத்திகையில் உன் குரல் ஒரு சமயம் அமுங்கியும் ஒரு சமயம் அலறியும் கேட்டதாகக் குழுவினர் குறைப்பட்டுக்கொண்டதையும், “வேறு நல்ல மைக் வாங்கினால் சரியாகிவிடுமா, மாமா?” என்ற வினாவையும் தாங்கி வந்த உன் கடிதம் கிடைத்தது. வாங்குவதைப் பற்றிப் பிறகு பார்ப்போம். குழுவின் பெட்டியில் கிடக்கிறதாக நீ எழுதியிருக்கும் அந்தப் பழைய டைனமிக் மைக், வலை இரண்டு இடங்களில் நசுங்கி, கைப்பிடியில் சாயம் உரிந்தது, அதுவே ஆடி மேடைக்குப் போதும். சொல்லப்போனால், அதைவிடப் பொருத்தமான சாதனம் அந்த மேடைக்குக் கிடைப்பது அரிது என்பது என் அபிப்பிராயம்.

முதலில் அதன் உள்ளே இருப்பது என்னவென்று தெரிந்துகொள். அம்பத்தூர் எஸ்டேட்டுப் பக்கம் மோட்டாருக்குக் காயில் கட்டும் பட்டறைகளை நீ பார்த்திருப்பாய். காந்தத்தின் நடுவே கம்பிச்சுருளை வைத்து மின்சாரம் பாய்ச்சினால் சுருள் அசைகிறது, அது மோட்டார். மின்சாரம் பாய்ச்சாமல் சுருளை நாமே அசைத்தால் அதில் மின்சாரம் பிறக்கிறது. இதை மைக்கேல் பாரடே 1831ஆம் ஆண்டில் கண்டறிந்தார். உன் மைக்கின் வலைக்கு உட்புறம் ஒரு மெல்லிய சவ்வும், சவ்வின் முதுகில் ஒட்டிய நுண்கம்பிச் சுருளும், சுருளைச் சூழ்ந்து ஒரு காந்தமும் இருக்கின்றன. உன் வாயிலிருந்து புறப்படும் காற்றலை சவ்வை அசைக்க, சவ்வோடு சுருளும் அசைய, அற்ப அளவான மின்சாரம் பிறந்து வயர் வழியே ஓடுகிறது. ஸ்பீக்கரிலும் இதே காந்தமும் சுருளும்தாம். வேலை மட்டும் நேர் எதிர். அதனால்தான் அலுவலகங்களில் சில இன்டர்காம் பெட்டிகளில் ஒரே சிறு ஸ்பீக்கர் பேசவும் கேட்கவும் பயன்படுகிறது.

கண்டென்சர் என்ற மற்றொரு ஜாதி மைக் உண்டு. அதில் சவ்வு சுருளைச் சுமப்பதில்லை. ஆகையால் மிக லேசாக அசைந்து, தம்புராவின் நுண்ணிய ரீங்காரத்தைக்கூடப் பிடித்துவிடும். அது இயங்க மிக்ஸரிலிருந்து 48 வோல்ட் மின்சாரம் போக வேண்டும்; மூடிய அறையும் அடக்கமான சபையும் அதற்கு வேண்டும். நம் டைனமிக் மைக்கோ சுருளின் பாரத்தைச் சுமந்து சற்று மந்தமாகவே அசைவது. கையிலிருந்து நழுவி விழுந்தாலும் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வது. வெளியிலிருந்து மின்சாரம் கேளாதது. அரைச் செவிடு என்று அதைப் பரிகாசம் செய்பவர்கள் உண்டு. ஆனால் ஆடித் திருவிழா நடக்கும் இடத்தை எண்ணிப் பார்: ஒரு பக்கம் பம்பையும் உடுக்கையும், மேடையிலேயே உன் முதுகுக்குப் பின்னால் டிரம் செட், எம்.டி.எச். ரோட்டில் பஸ்களின் ஹாரன், கால் மணிக்கொரு தரம் ஆவடிப் பக்கம் போகும் மின்சார ரயில், கூழ் வாங்க நிற்கும் கூட்டத்தின் இரைச்சல். இத்தனையையும் நுட்பமாகக் கேட்கிற காது அங்கே யாருக்கு வேண்டும்?

தூரத்துச் சப்தத்தை அந்த மைக் ஏதோ மந்திரத்தால் தள்ளிவிடுகிறது என்று நினைத்துவிடாதே. வாயருகே பிடித்துப் பாடுவதற்கென்றே அது ஆக்கப்பட்டிருக்கிறது. நீ நெருங்கி நின்று பாடினால் மிக்ஸரில் அதன் கெயினை, அதாவது ஒலியைப் பெருக்கும் அளவை, கொஞ்சமே திறந்தால் போதும். கொஞ்சமே திறந்திருப்பதால் பம்பையும் பஸ்ஸும் உள்ளே வர வழியில்லை. நீ கூச்சப்பட்டு மைக்கை மார்புக்குக் கீழே இறக்கிக்கொண்டால், சவுண்ட் சர்வீஸ்காரர் வேறு வழியின்றிக் கெயினை ஏற்றுவார். ஏற்றியவுடன் தெரு முழுவதும் மைக்கினுள் வந்துவிடும். ஸ்பீக்கரின் ஒலியும் திரும்ப அதே மைக்கில் புகுந்து, மீண்டும் பெருகி, மீண்டும் புகுந்து, கடைசியில் கூட்டமே காதைப் பொத்திக்கொள்ளும்படி ஊளையிடத் தொடங்கும். ஒத்திகையில் நடந்தது இதுவாகத்தான் இருக்க வேண்டும்.

தூரத்தின் கணக்கை விரல்களால் பழகிக்கொள். இரண்டு விரல் அகலத்தில் இருந்த மைக்கை நான்கு விரல் அகலத்துக்கு நகர்த்தினால் அதை அடையும் ஒலியின் அழுத்தம் ஏறத்தாழப் பாதியாகிவிடும், அதாவது 6 டெசிபல் குறையும். எட்டு விரலுக்குப் போனால் கால்பங்குதான் மிஞ்சும். சபையில் யாரும் கவனிக்காத இந்த அற்பச் சலனத்தால் குரலின் அளவு இவ்வளவு மாறுகிறது என்பதை உணர்ந்த பாடகர்கள், சரணத்தின் உச்சத்தில் குரலை ஓங்கும்போது மைக்கை மெல்ல விலக்கி, அடங்கிய சொல்லுக்கு மீண்டும் உதட்டருகே கொண்டுவருவதை நீ எந்த நல்ல கச்சேரியிலும் காணலாம்.

எஸ்.ஜி. கிட்டப்பாவும் கே.பி. சுந்தராம்பாளும் நாடக மேடையில் கொடிகட்டிப் பறந்த நாளில், கொட்டகையின் கடைசி வரிசைக்குக் குரலைக் கொண்டு சேர்க்கும் பொறுப்பு முழுவதும் தொண்டையையே சார்ந்திருந்தது. ஆகவே உச்ச ஸ்தாயியில் ஓங்கிப் பாடுவதே பாட்டுக்கு லட்சணமாக மதிக்கப்பட்டது. கிட்டப்பா 1933ஆம் ஆண்டில் இளவயதிலேயே மறைந்தார். அதன்பின் மைக் மேடைதோறும் பரவ, தாழ்ந்த சுருதியில் மென்மையாகப் பாடினாலும் ஆயிரம் பேருக்கு எட்டும் என்ற நிலை வந்தது. அதனால் சங்கீதம் அடைந்த லாபம் பெரிதா, தொண்டைகள் இழந்த வலிமை பெரிதா என்ற விவாதத்தில் நான் இறங்கப் போவதில்லை. இழந்ததும் சிறிதன்று என்று மட்டும் சொல்லிவைக்கிறேன். உன்னைப் பொறுத்தவரை, அன்று தொண்டை செய்த வேலையில் ஒரு பாதியை இன்று உன் முன்கை செய்ய வேண்டும். அதற்கு அப்பியாசம் தேவை. வீட்டில் ஒரு கரண்டியைப் பிடித்துக்கொண்டாவது பழகு.

இனி, மைக்கைப் பிடிக்கும் முறை. இதை நிதானமாகப் படி. இன்றைய இளைஞர்களில் பெரும்பாலோர் கெடுத்துக்கொள்வது இங்கேதான். அமெரிக்காவின் ஷூர் நிறுவனத்தில் பெஞ்சமின் பாயர் என்ற பொறியாளர் உருவாக்கி 1939இல் வெளிவந்த யூனிடைன் மைக், ஒரே சவ்வைக் கொண்டே முன்புறத்துக் குரலை ஏற்றுப் பின்புறத்துச் சப்தத்தை ஒதுக்கும் யுக்தியைக் கொண்டுவந்தது. 1966இல் அதே நிறுவனம் வெளியிட்டு, உலகத்து மேடைகளிலெல்லாம் நடமாடுகிற எஸ்எம்58 மைக்கும் அந்தப் பரம்பரைதான். யுக்தி இது: சவ்வின் முன்பக்கம் மட்டுமன்றி, அதன் பின்பக்கத்துக்கும் ஒலி போய்ச் சேரச் சிறு துவாரங்கள் விடப்பட்டிருக்கின்றன. பின்னாலிருந்து வரும் சப்தம் துவாரங்கள் வழியே சுற்றிச் செல்வதற்கும், வெளியே வளைந்து முன்பக்கத்தை அடைவதற்கும் ஒரே நேரம் பிடிக்கும்படி அமைத்திருப்பதால், இரு புறமும் ஒருங்கே தள்ளப்பட்ட சவ்வு அசையாமல் நின்றுவிடுகிறது. பக்கவாட்டிலிருந்து வரும் சப்தம் பாதியளவு கேட்கும். முன்னிருந்து வருவது முழுமையாகக் கேட்கும்.

அந்தத் துவாரங்கள் இருப்பது உருண்டை வலைக்கு உள்ளே, அதன் அடிப்பகுதியில். சினிமாப் பாட்டுக் காட்சிகளையும் கானா மேடைகளையும் பார்த்துவிட்டு, வலையை உள்ளங்கையால் கவ்விப் பிடித்துக்கொண்டு பாடுகிறார்களே, அவர்கள் தங்கள் விரல்களாலேயே அந்த வழியை அடைத்துவிடுகிறார்கள். பின்பக்க வழி அடைபட்ட மைக் எல்லாத் திசையையும் கேட்கத் தொடங்குகிறது. குரல் குடத்துக்குள்ளிருந்து வருவதுபோல் மூடுண்டு போகிறது. பாடுபவருக்கே அவர் குரலைக் கேட்பிக்கும் மானிட்டர் பெட்டியின் பக்கம் திரும்பிய மாத்திரத்தில் ஊளை எழுகிறது. பழி என்னவோ சவுண்ட் சர்வீஸ்காரர் தலையில். நீ கைப்பிடியின் நடுவில் பிடி. கட்டைவிரல்கூட வலையைத் தொட வேண்டாம். குழுவில் கார்ட்லெஸ் மைக் கொடுத்தால், அதன் தலையிலும் இதே சவ்வும் சுருளும் இருக்கலாம். ஆனால் பல மைக்குகளில் ஆன்டெனா அடிமுனையில் இருப்பதால் அந்த முனையையும் கையால் மூடாதே.

மானிட்டரை எங்கே வைப்பது என்பதும் இதிலிருந்தே விளங்கும். எஸ்எம்58 போன்ற மைக்குக்குப் பின்புறம் நேராக உள்ள இடமே முழுச் செவிடு. ஆகையால் பெட்டி உன் காலடிக்கு எதிரே, மைக்கின் வாலைப் பார்த்து இருக்க வேண்டும். சூப்பர் கார்டியாய்டு என்ற வகையில் செவிட்டுப் பகுதி வாலுக்கு இரு பக்கமும் சாய்ந்திருப்பதால் பெட்டியைச் சற்று ஒதுக்கி வைக்க வேண்டும். பாட்டு முடிந்ததும் மைக்கைத் தொங்கவிட்டு அதன் வாயை மானிட்டரை நோக்கித் திருப்பி நிற்பது பலருக்கு வழக்கம்; உனக்கு வேண்டாம்.

நெருங்கிப் பாடுவதில் இரண்டு சங்கடங்கள் உண்டு. முதலாவது, இத்தகைய மைக்கில் உதடு நெருங்க நெருங்கக் கீழ்ஸ்தாயி பருத்துக் கேட்கும். உன் போன்ற மெல்லிய குரலுக்கு இது ஓரளவு வரப்பிரசாதமே. பல்லவியின் தாழ்ந்த சொற்களுக்கு ஒரு கனம் கிடைக்கும். ஆண் குரலுக்குத்தான் தொந்தரவு. மிக்ஸரில் ‘லோ கட்’ பொத்தானை அழுத்தச் சொன்னால் தீரும். இரண்டாவது, ‘ப’ என்ற எழுத்து. அம்மன் பாட்டில் பவானியும் பராசக்தியும் பம்பையும் வராமல் ஒரு சரணம் உண்டா? சொல்லின் முதலில் வரும் பகரம் ஒரு மூச்சுக்காற்றை நேரே சவ்வின்மேல் எறிந்து ‘பொத்’தென்று வெடிக்கும். மைக்கை வாய்க்கு நேராக நிறுத்தாமல், முகவாய்க்கு அருகிலிருந்து சற்றுச் சாய்வாக மேல்நோக்கிப் பிடித்தால், மூச்சு வலைக்கு மேலே கடந்து போய்விடும். குரல் மட்டும் உள்ளே போகும். இதே காரணத்தால் மைக் வேலை செய்கிறதா என்று பார்க்க ஊதாதே, வலையில் தட்டவும் தட்டாதே; இரண்டு வரி பாடு, போதும்.

சவுண்ட் சர்வீஸ் அண்ணனிடம் கச்சேரிக்கு முன்பே பேசிவிடு. நீ பாடப்போகும் பாட்டுகளில் மிக உரத்த இடம் எதுவோ அதைப் பாடிக் காட்டு. அதற்கேற்பக் கெயினை அமைத்துக்கொள்வார். மெல்லப் பாடிக் காட்டிவிட்டு மேடையில் முழங்குவது அவரை வஞ்சிப்பதாகும். எக்கோவைக் குறைக்கச் சொல். ஆடி மாதத்தில் நம் பக்கத்துத் தெருக்களில் எக்கோ இல்லாத பாட்டுக்குத் தெய்வ சாந்நித்தியம் போதாது என்று ஒரு நம்பிக்கை பரவியிருக்கிறது போலும். சொற்கள் ஒன்றின்மேல் ஒன்று விழுந்து குழம்புவதே மிச்சம்.

வயரையும் பார்த்துக்கொள். மைக்கில் மூன்று முனைக் கேனன் பிளக்கும், மறுமுனையில் பி-38 என்று சவுண்ட் சர்வீஸ்காரர்கள் சொல்லும் தடித்த ஒற்றைப் பிளக்கும் மாட்டிய வயரானால், நீளம் கூடக் கூட மேடை விளக்குகளின் ‘ஹம்’ ஓசை அதில் ஏறும். இருபுறமும் மூன்று முனையுள்ளதைக் கேள். இதைவிட முக்கியமான ஒன்று: வலையில் உதடு பட்டு ‘சுரீர்’ என்றால், அந்தக் கணமே மைக்கைக் கீழே வைத்துவிட்டு மேடையை விட்டு இறங்கு. எங்கோ எர்த் இல்லை என்று அர்த்தம். மழை தூறும் மேடையில், கம்பத்திலிருந்து அவசரத்தில் இழுத்த மின்சாரத்தில், இது விளையாட்டில்லை. எலெக்ட்ரீஷியன் சரிபார்த்த பிறகே மீண்டும் தொடு. யார் கோபித்தாலும் கோபிக்கட்டும்.

உனக்கென்று ஒரு மைக் வேண்டும் என்ற ஆசையை நான் தடுக்கவில்லை. பத்துப் பேர் எச்சில் படும் வலையைவிடச் சொந்த மைக் ஆரோக்கியத்துக்கும் நல்லது. அஹுஜா நிறுவனத்தின் டைனமிக் மைக்கே உனக்குப் போதும். எஸ்எம்58தான் வேண்டுமென்றால், சந்தையில் போலிகள் ஏராளம் என்பதை நினைவில் வை. அசல் ஏறத்தாழ 300 கிராம் எடையிருக்கும், போலிகளில் பல கையில் எடுத்ததுமே இலேசாகத் தெரியும். அதுவரை குழுவின் மைக்கில் அந்த உருண்டை வலையைத் திருகிக் கழற்றி, உள்ளிருக்கும் பஞ்சோடு சோப்பு நீரில் அலசி, நிழலில் நன்றாக உலர்த்தி மாட்டு. மைக்கின் உடலில் ஈரம் படக் கூடாது. கைப்பிடியில் சுவிட்ச் இருந்தால் அதை ‘ஆன்’ நிலையில் வைத்து ஒரு துண்டு டேப் ஒட்டிவிடு. இல்லாவிட்டால் பாட்டின் நடுவே உன் விரலே அதை அணைத்துவிடும்.

இரவு 10 மணிக்குமேல் ஒலிபெருக்கி கூடாதென்று 2000ஆம் ஆண்டின் ஒலி மாசு விதிகள் சொல்கின்றன. விசேஷ அனுமதி பெற்ற சில நாட்களில் மட்டும் நள்ளிரவுவரை தளர்வு உண்டு. போலீஸார் வந்து நிறுத்தும்போது பாதிப் பாட்டில் நிற்பது அழகன்று. ஆகையால் உனக்குப் பிடித்த பாட்டைக் கடைசிக்கு வைத்துக்கொள்ளாதே, எட்டரை மணிக்குள் பாடிவிடு. முடிந்ததும் வயரை முழங்கையில் இறுக்கிச் சுற்றாமல், அது தானாக வளையும் போக்கிலேயே பெரிய வளையங்களாக மடித்து அண்ணனிடம் கொடு; உள்ளே கம்பி முறுக்கி அறுந்தால் அடுத்த வாரம் வேறொரு தெருவில் வேறொரு பெண்ணின் குரல்தான் விட்டுவிட்டுக் கேட்கும். அன்று நான் அத்தையோடு திருவேற்காடு போய்விட்டு, ஏழு மணிக்கு உங்கள் தெருவுக்கு வந்துவிடுவேன்.

அன்புள்ள,
உன் மாமா