தோட்டத்து வீட்டுக் கணினியில் ஜாவா கம்பைலர்

படிவம் 4-இல் கணினி அறிவியல் எடுத்த பிள்ளைக்குப் பாடநூல் ஜாவாவில்தான் நிரல் எழுதக் கற்றுத்தருகிறது. பள்ளிக் கணினிக்கூடத்து நேரம் போதாது. வீட்டிலும் கம்பைலர் வேண்டும். ரந்தாவ், லிங்கி, பகாவ் பக்கத்துத் தோட்டங்களில் இருப்பவர்கள் கைப்பேசி லைனை நம்பி இதில் இறங்க வேண்டாம். சிரம்பானில் உறவினர் வீட்டில் நிறுவல் கோப்பை முழுதாக இறக்கி, பென்டிரைவில் கொண்டுவந்துவிடுங்கள். நிறுவும்போது இணையமே தேவைப்படாது.

புறப்படும் முன் வீட்டுக் கணினியில் செட்டிங்ஸ், சிஸ்டம், அபௌட் என்று போய், அது 64 பிட்டா 32 பிட்டா என்று குறித்துக்கொள்ளுங்கள். யாரோ கழித்துக் கொடுத்த பழைய கணினி என்றால் 32 ஆகவும் இருக்கலாம். 32 பிட் கணினிக்கு 64 பிட் கோப்பை இறக்கினால் மறுபடி பஸ் ஏற வேண்டியதுதான்.

அடோப்டியம் தளத்தில் டெமுரின் 17 என்ற ஜாவாத் தொகுப்பு இலவசமாகக் கிடைக்கும். விண்டோஸுக்கான எம்எஸ்ஐ கோப்பு, 200 எம்பிக்குள் அடங்கும். ஜேடிகே என்று போட்டிருப்பதை எடுங்கள். ஜேஆர்இ நிரலை ஓட்ட மட்டுமே உதவும். கம்பைலர் அதில் இல்லை. 21 இதைவிடப் புதிய பதிப்புதான், ஆனால் 17-க்கு 32 பிட் கோப்பும் உண்டு. பள்ளிப் பாடத்துக்கு அதுவே தாராளம்.

கோப்பை இருமுறை சொடுக்கினால் நிறுவல் தொடங்கும். அம்சங்களைப் பட்டியலிடும் திரையில் மட்டும் அவசரப்பட்டு நெக்ஸ்ட் அழுத்தாதீர்கள். ‘ஆட் டு பாத்’ தானாகவே தேர்வாகியிருக்கும். அதைத் தொட வேண்டாம். எந்தக் கோப்புறையிலிருந்து கூப்பிட்டாலும் கம்பைலர் எங்கே இருக்கிறது என்று விண்டோஸ் தேடிப் பார்க்கும் பட்டியல்தான் பாத். ‘ஜாவா ஹோம்’ பக்கத்தில் சிவப்புப் பெருக்கல் குறி இருந்தால், அதைச் சொடுக்கி மெனுவின் முதல் வரியைத் தேர்ந்தெடுங்கள்.

முடிந்ததும் கமாண்ட் பிராம்ப்ட்டைத் திறந்து, ஆங்கிலச் சிற்றெழுத்தில் ஜாவா, ஒட்டினாற்போல் ஒரு சி, ஓர் இடைவெளி, சிறுகோடு, அதை ஒட்டி வெர்ஷன் என்று தட்டுங்கள். 17 என்று தொடங்கும் எண் வந்தால் கம்பைலர் தயார். அந்த சி இல்லாமல் தட்டிப் பார்ப்பது பயனில்லை; ஜேஆர்இ மட்டும் உள்ள கணினியும் அதற்குப் பதில் சொல்லிவிடும். கட்டளை தெரியவில்லை என்று வந்தால், சாளரத்தை மூடிப் புதிதாகத் திறங்கள். நிறுவும் முன்பே திறந்திருந்த சாளரத்துக்குப் புதிய பாத் தெரியாது.

நெட்பீன்ஸ், எக்லிப்ஸ் போன்ற நிரல் எழுதும் மென்பொருள்களை எல்லாம் பிறகு பார்க்கலாம். 4 ஜிபி ராம் உள்ள கணினிக்கு நோட்பேடே போதும். ஆனால் நோட்பேடில் ஒரு வம்பு உண்டு: சேமிக்கும்போது ‘ஆல் ஃபைல்ஸ்’ என்று மாற்றாவிட்டால், பெயரின் வாலில் டிஎக்ஸ்டியை ஒட்டிவிடும், விண்டோஸ் அதை மறைத்தும் வைக்கும். கோப்பின் பெயரும் உள்ளே எழுதிய பொது கிளாஸின் பெயரும், பெரிய எழுத்து சிறிய எழுத்து உட்பட, ஒன்றாக இருக்க வேண்டும். ஜாவா என்பது பின்னொட்டு.

கம்பைலரால் தொகுக்கும்போது கோப்பின் முழுப்பெயரைக் கொடுங்கள். ஓட்டும்போது கிளாஸின் பெயர் மட்டும், பின்னொட்டு வேண்டாம். தொகுத்த பிறகு திரை எதுவும் சொல்லாமல் இருந்தால் எல்லாம் சரி. பத்துப் பிழைகள் வரிசையாக வந்தால் முதலாவதை மட்டும் திருத்தி மறுபடி தொகுங்கள். விட்டுப்போன ஓர் அரைப்புள்ளியே மற்ற ஒன்பதுக்கும் காரணமாக இருக்கலாம்.