வருமான வரிப் படிகளும் கிராமத்தின் பங்கும்

வருமான வரியைப் பற்றிப் பேச்செடுத்தால், "அது பட்டணத்துச் சங்கதி, விவசாய வருமானத்திற்குத்தான் மத்திய சர்க்காரின் வருமான வரி கிடையாதே" என்று கூறும் பஞ்சாயத்து அங்கத்தினர்கள் பலர். அக்கூற்றில் பாதிதான் உண்மை. மறு பாதியை இங்கு ஆராய்வோம்.

வருமான வரி படிப்படியாக விதிக்கப்படுவது. முதற் படிக்கு வரி இல்லை. அடுத்த படிக்குச் சிறு வரி. மேலே செல்லச் செல்ல விகிதம் உயரும். ஆகவே கீழ்ப் படிகளை அகலமாக்கினால், அவற்றைக் கடந்து மேலே நிற்கும் செல்வந்தருக்கும் லாபமுண்டு. இதனைப் பலரும் கவனிப்பதில்லை.

2025 பிப்ரவரி 1-ஆம் தேதி சமர்ப்பிக்கப்பட்ட மத்திய பட்ஜெட்டை எடுத்துக்கொள்வோம். புதிய முறையில், வரியற்ற முதற் படி 3 லட்சம் ரூபாயிலிருந்து 4 லட்சமாயிற்று. 15 லட்சத்திற்கு மேல் என்றிருந்த 30 சதவீத வரி, 24 லட்சத்திற்கு மேல் என்றாயிற்று. தள்ளுபடியும் சேர்ந்து, 12 லட்சம் வரை வரி செலுத்த வேண்டியதில்லை. இதனால் ஆண்டுக்கு 8 லட்சம் பெறுபவருக்கு மிச்சம் 30,000 ரூபாய். 12 லட்சம் பெறுபவருக்கு 80,000. 24 லட்சம் பெறுபவருக்கு 1,10,000. 6 லட்சம் பெறும் குமாஸ்தாவுக்கோ முன்பும் வரி இல்லை. எனவே மிச்சமும் இல்லை. உழவருக்கும் அவ்வாறே.

இச்சலுகையால் ஏறத்தாழ 1 லட்சம் கோடி ரூபாய் வருவாய் குறையும் என்று நிதியமைச்சரே பாராளுமன்றத்தில் தெரிவித்தார். அது யாருடைய பணம்? பதினைந்தாவது நிதிக் கமிஷனின் பரிந்துரைப்படி, 2025-26 வரை, பகிர்வுக்குரிய மத்திய வரிகளில் 41 சதவீதம் மாநிலங்களுக்கு உரியது. அதில் தமிழ்நாட்டின் பங்கு 4.079 சதவீதம். செஸ் நீக்கிக் கணக்கிட்டால், நம் மாநிலத்திற்குச் சேர வேண்டியதில் ஏறத்தாழ 1,600 கோடி ரூபாய் இதில் அடங்கும். சலுகை அளிப்பது டில்லி. ஐந்தில் இரண்டு பங்கு சுமையை ஏற்பவை மாநிலங்கள்.

மிச்சமான பணம் கடைவீதிக்கு வரும், அதன் மூலம் வேறு வரிகள் பெருகும் என்பர். ஓரளவு வரும், விட்ட தொகை முழுவதும் திரும்பும் என்று நாம் நம்புவதற்கில்லை. நிதிக் கமிஷன் பஞ்சாயத்துகளுக்குச் சிபாரிசு செய்யும் மானியம் குறிப்பிட்ட தொகையாதலால் அது உடனே குறையாது. ஆனால் மாநிலம் தன் பொது நிதியிலிருந்து போடும் சாலைக்கும், கட்டும் பள்ளிக்கும் அந்த உறுதி இல்லை.

வீட்டு வரியைக் குறைக்க விரும்பும் பஞ்சாயத்து, குடிநீர் மோட்டாரின் மின் கட்டணத்திற்கு வழியென்ன என்று அதே கூட்டத்தில் கேட்டாக வேண்டும். டில்லியின் கணக்கிற்கும் அக்கேள்வி பொருந்தும்.