உயிரின் தோற்றமும் மாற்றமும்

"பூமியில் உயிர் எப்படி வந்தது?" என்று பள்ளிப் பாடம் படிக்கும் நம் பிள்ளைகள் கேட்கின்றனர். அவர்களை அதட்டி அடக்குவது முறையன்று. இதனுள் இரண்டு கேள்விகள் உள்ளன. அவற்றைப் பிரித்தறிவது அவசியம்.

முதலாவது: உயிரற்ற பொருளிலிருந்து முதல் உயிர் வந்தது எவ்வாறு? 1953-இல் அமெரிக்காவில் ஸ்டான்லி மில்லர், மீத்தேன், அம்மோனியா, ஹைட்ரஜன், நீராவி ஆகியவற்றைக் கண்ணாடிக் குடுவையில் அடைத்து, அதில் மின்பொறி உண்டாக்கினார். சில நாட்களில் அமினோ அமிலங்கள் கிடைத்தன. அவை புரதத்தை ஆக்கும் கூறுகளே, உயிர் அல்ல. இக்கேள்விக்கு விஞ்ஞானம் இன்னும் முழு விடை காணவில்லை.

இரண்டாவது: தோன்றிய உயிர்கள் மாறினவா? பாறைகள் சாட்சி கூறுகின்றன. 2004-இல் கனடாவின் வடகோடித் தீவு ஒன்றில், சுமார் 37.5 கோடி ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த டிக்டாலிக் என்ற பிராணியின் எலும்புகள் கிடைத்தன. மீனுக்குரிய செதிலும் துடுப்பும் அதற்கு உண்டு. மீனுக்கில்லாத கழுத்தும், துடுப்பினுள் மணிக்கட்டு போன்ற எலும்புகளும் உண்டு. நீரில் வாழ்ந்தவை நிலத்தை நோக்கி நகர்ந்த காலத்தை அது காட்டுகிறது.

முதற் கேள்விக்கு விடை முழுமையாகவில்லை என்பதால், இரண்டாவதற்குரிய சான்று பொய்யாகிவிடாது. இரண்டாவதற்குச் சான்று உண்டு என்பதால், முதலாவது தீர்ந்துவிட்டதாகவும் ஆகாது. இவ்விரண்டையும் குழப்புவதாலேயே வீண் தர்க்கம் எழுகிறது.

படைத்தவன் அல்லாஹ் என்பது நம் ஈமான். படைப்புகளை ஆராய்வது நமக்குப் புதிதன்று. ஹிஜ்ரி மூன்றாம் நூற்றாண்டிலேயே பஸரா நகரத்து அறிஞர் அல்-ஜாஹிள், பிராணிகளைப் பற்றிக் 'கிதாபுல் ஹயவான்' என்னும் பெருநூலை எழுதினார்.

வல்ல நாயன் நமக்கும் நம் மக்களுக்கும் பயனுள்ள கல்வியை அருள்வானாக! ஆமீன்.