உயர்த்திய ஜீப்புக்கு எந்த ஸ்டியரிங் மாற்றம்?

லிஃப்ட் கிட் வாங்குகிறவர்கள் ஸ்பிரிங்கையும் டயரையும் நாள் கணக்கில் பேசுவார்கள். ஸ்டியரிங் ராடுகளின் நினைப்பு வருவது வண்டியை ரோட்டில் இறக்கிய பிறகுதான். ஒரு பள்ளத்தில் சக்கரம் இறங்கியதும் கையைக் கேட்காமலே ஸ்டியரிங் திரும்பும். உடனே ஆளுக்கொரு யோசனை: டிராப் பிட்மன் ஆர்ம் போடு, டிராக் லிங்க்கைத் தலைகீழாக்கு, டபுள் ஸ்டியரிங் டாம்பர் போடு. எது யாருக்கு என்று பார்க்க, 2007 முதல் 2018 வரையிலான மாடல் ஆண்டுகளின் ஜீப் ரேங்க்லர் ஜேகேயை எடுத்துக்கொள்கிறேன். இந்த வேலைக்கான பார்ட்ஸ் அமெரிக்காவில் இந்த வண்டிக்குக் கிடைக்கிற அளவுக்கு வேறு அதிக வண்டிகளுக்குக் கிடைப்பதில்லை. முன்பக்கம் சாலிட் ஆக்சிலும் காயில் ஸ்பிரிங்கும் உள்ள வண்டிகளுக்குப் பெரும்பாலும் கணக்கு ஒன்றுதான்.

இடப்பக்க ஸ்டியரிங் உள்ள ஜேகேயில் ஸ்டியரிங் பாக்ஸ் இடது சட்டத்தில் இருக்கிறது. அதன் பிட்மன் ஆர்மிலிருந்து டிராக் லிங்க் குறுக்கே சரிந்து, வலது சக்கரத்தைத் தாங்கித் திருப்பும் நக்கிளைப் பிடிக்கிறது. இரண்டு நக்கிள்களையும் இணைப்பது டை ராட். இவற்றோடு ட்ராக் பார் என்று ஒன்று: ஒரு முனை இடது சட்டத்தில், மறுமுனை ஆக்சிலின் வலப்பக்கத்தில். ஆக்சில் பக்கவாட்டில் நகராமல் பிடித்து வைப்பது அதன் வேலை. டிராக் லிங்க்கும் ட்ராக் பாரும் கிட்டத்தட்ட ஒரே சரிவில் போவது தற்செயல் அல்ல. சஸ்பென்ஷன் ஏறி இறங்கும்போது இரண்டின் முனைகளும் ஒரே அளவு பக்கவாட்டில் நகர்ந்தால் சக்கரம் நேராக நிற்கும். ஒன்று கூட, ஒன்று குறைய நகர்ந்தால் அந்த வித்தியாசம் சக்கரத்தைத் திருப்பும். பம்ப் ஸ்டீர் என்பது இதுதான்.

ஒரு கணக்கு போட்டால் விளங்கும். 900 மி.மீ. நீளமுள்ள ராட் படுக்கையாக இருக்கிறது என்று வையுங்கள். அதன் முனை 75 மி.மீ. கீழிறங்கினால் பக்கவாட்டில் 3 மி.மீ.தான் உள்ளே வரும். அதே ராட் ஏற்கெனவே 10 டிகிரி சரிந்திருந்தால், அதே 75 மி.மீ. இறக்கத்துக்கு 16 மி.மீ.க்கு மேல் உள்ளே வந்துவிடும். சரிவு கூடக் கூட ஒவ்வொரு குலுக்கலுக்கும் பக்கவாட்டு நகர்வு பெருகுகிறது. அந்த 75 மி.மீ.யை லிஃப்ட் என்று வைத்து, இப்போது ட்ராக் பாரை மட்டும் பழைய 10 டிகிரிக்குத் தூக்கி வைத்துவிட்டு டிராக் லிங்க்கைப் புதிய சரிவிலேயே விட்டால், 50 மி.மீ. மேடு ஒன்றில் இரண்டுக்கும் இடையில் 4 மி.மீ.க்கு மேல் வித்தியாசம் விழும். அத்தனையும் ஸ்டியரிங்கில்தான் போய் முடியும். ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் ஜோடியில் ஒன்றை மட்டும் தொடக்கூடாது. மேல்முனை இரண்டையும் இறக்கலாம், கீழ்முனை இரண்டையும் ஏற்றலாம், இரண்டையும் சும்மாவும் விடலாம்.

சும்மா விடுவதையே முதல் வழியாகச் சொல்வேன். லிஃப்ட் 2 அல்லது 2.5 அங்குலம் வரை என்றால் ஜோடியின் சரிவு சேர்ந்தே கூடுகிறது, பம்ப் ஸ்டீர் பெரிதாக வராது. வருவது வேறு பிரச்சினை: ஆக்சில் ஒரு பக்கமாக ஒதுங்கி நிற்கும். நீளம் மாற்றக்கூடிய ட்ராக் பார் ஒன்று போட்டு அதை நடுவுக்குக் கொண்டுவந்து, டிராக் லிங்க்கின் சரிசெய்யும் ஸ்லீவைத் திருகி ஸ்டியரிங் வீலை நேராக்கினால் போதும். பார்ட் விற்கிறவர்கள் இந்த யோசனையை அதிகம் சொல்வதில்லை.

இன்னொன்றையும் இந்தக் கட்டத்திலேயே பிரித்தறிய வேண்டும். நேர் ரோட்டில் வண்டி இங்கும் அங்கும் அலைந்தால், திருப்பிய ஸ்டியரிங் தானாக நேருக்கு வராவிட்டால், அது பெரும்பாலும் காஸ்டர், அதாவது நக்கிள் திரும்பும் அச்சின் பின்சாய்வு, குறைந்ததன் விளைவு. வண்டியைத் தூக்கியதும் கன்ட்ரோல் ஆர்ம்கள் ஆக்சிலைச் சற்றுச் சுழற்றிவிடுகின்றன. அதற்கு மருந்து கன்ட்ரோல் ஆர்மில் இருக்கிறது, ஸ்டியரிங் ராடில் இல்லை. ஒரு குறிப்பிட்ட வேகத்தில் முன்பக்கம் முழுவதும் கடகடவென்று ஆடுவது மூன்றாவது வகை. அப்படி ஆடினால் என்ஜினை ஓடவிட்டு, சக்கரம் தரையிலேயே இருக்க, ஒருவர் ஸ்டியரிங்கை இடமும் வலமும் சிறிது சிறிதாக ஆட்ட வேண்டும். இன்னொருவர் கீழே டார்ச் அடித்து ட்ராக் பாரின் இரண்டு போல்ட்டுகளையும் பார்க்கட்டும். போல்ட் தலைக்கும் பிராக்கெட்டுக்கும் இடையே மயிரிழை அசைவு தெரிந்தாலும் குற்றவாளி அகப்பட்டார். துளை முட்டை வடிவமாகியிருக்கும். டாம்பர் மாற்றினால் ஆட்டம் சில காலம் மறையும், துளை இன்னும் பெரிதாகும்.

டிராப் பிட்மன் ஆர்ம் மலிவானது. புல்லர் வைத்துப் பழையதைக் கழற்றிவிட்டால் அரைநாள் வேலை. டிராக் லிங்க்கின் மேல்முனை கீழிறங்குகிறது. கூடவே ட்ராக் பாரின் சட்டப்பக்க முனைக்கும் அதே அளவு இறக்கும் பிராக்கெட் போட வேண்டும். இதைப் போடாமல் ஆர்மை மட்டும் மாற்றிய வண்டிகள்தான் இந்தப் பார்ட்டின் பெயரைக் கெடுத்தவை. எனக்கு இதில் பிடிக்காதது வேறு. ஆர்ம் நீண்டு தொங்கத் தொங்க, பெரிய டயர் பாறையில் முட்டும் விசை ஸ்டியரிங் பாக்ஸின் செக்டர் ஷாஃப்டை வளைக்கப் பார்க்கிறது. ரோட்டிலேயே ஓடும் வண்டிக்குச் சரி. அமெரிக்காவில் மோவாபின் பாறைகளுக்கோ ரூபிகான் ட்ரெயிலுக்கோ போகிற வண்டிக்கு இதைச் சொல்லமாட்டேன்.

3.5 அங்குலமும் அதற்கு மேலும் தூக்கியவர்களுக்கு என் ஓட்டு டிராக் லிங்க் ஃப்ளிப்புக்கு. ஜேகேயில் டிராக் லிங்க் நக்கிளுக்குள் கீழிருந்து நுழைகிறது. அதை மேலிருந்து நுழையும்படி மாற்றினால் கீழ்முனை உயர்ந்து சரிவு குறையும். ராட் பாறைக்கு எட்டாத உயரத்துக்கும் போய்விடும். சிக்கல் துளையில் இருக்கிறது. அது கீழே அகன்று மேலே குறுகும் டேப்பர் துளை. அதை நேராக டிரில் செய்து டேப்பர் ஸ்லீவ் இறக்கலாம், அல்லது இதற்கென்றே வார்த்த நக்கிளை வாங்கலாம். ஸ்லீவ் வழியில் போனால், டிரில் நேராக இறங்கியதா என்று விட்டு விட்டுப் பாருங்கள். ஸ்டட்டில் மார்க்கர் மையைப் பூசி உட்காரவைத்து, எடுத்துப் பார்த்தால் மை சுற்றிலும் சமமாக அழிந்திருக்க வேண்டும். ஒரு பக்கம் மட்டும் அழிந்திருந்தால் ஸ்டட் ஒரு விளிம்பில்தான் உட்கார்ந்திருக்கிறது என்று பொருள். அப்படி ஓட்டினால் அது தளரும், ஒருநாள் முறியும். ட்ராக் பாரின் ஆக்சில் பக்க பிராக்கெட்டையும் கூடவே உயர்த்த வேண்டும். உயரம் கூடிய பிராக்கெட் தாங்கும் வளைவு விசையும் கூடும், எனவே போல்ட்டோடு நிறுத்தாமல் வெல்டிங் வைப்பதே நல்லது. சஸ்பென்ஷன் முழுக்க அமுங்கும்போது டிராக் லிங்க் சட்டத்தில் இடிக்காதபடி பம்ப் ஸ்டாப்பை நீட்டுவது கட்டாயம். 2 அங்குல லிஃப்டுக்கு ஃப்ளிப் ஒத்துவராததற்குக் காரணமும் டிராக் லிங்க்குக்கும் சட்டத்துக்கும் இடையே இடைவெளி போதாததுதான். ஃப்ளிப்பும் டிராப் ஆர்மும் ஒரே வண்டியில் வேண்டவே வேண்டாம்.

ராடின் தடிமன் தனி விஷயம், சரிவுக்கு அது மருந்தல்ல. கம்பெனி டை ராட் பாறையில் வளையும் என்பது உண்மை. தடித்த ஸ்டீல் ராட் வளையாது, ஆனால் அடியை பால் ஜாயின்ட்டுக்கும் ஸ்டியரிங் பாக்ஸுக்கும் அனுப்பும். அலுமினிய ராட் கொஞ்சம் வளைந்து மீளும் என்பதால் டை ராடுக்கு அதை விரும்புகிறவர்கள் உண்டு. முனைகளுக்கு, தினமும் ஓட்டுகிற வண்டி என்றால் ரப்பர் பூட் உள்ள டை ராட் எண்ட். ஹைம் ஜாயின்ட் திறந்து கிடப்பது, மண்ணும் மழையும் பட்டுச் சீக்கிரம் ஆட்டம் கண்டுவிடும்.

நம் ஊரில் இதைப் படிப்பவர்களுக்குச் சில செய்திகள். 2016-இல் ஜேகே இந்தியாவில் விற்பனைக்கு வந்தது வலப்பக்க ஸ்டியரிங்கோடு. அமெரிக்க இடப்பக்கக் கிட்டின் பிராக்கெட்டுகள் அதில் பொருந்தா. ஆஸ்திரேலியா போன்ற நாடுகளுக்கெனச் செய்ததைத் தேட வேண்டும். 2023-இல் இங்கு வந்த ஐந்து கதவு சுசுகி ஜிம்னியும் முன்பக்க சாலிட் ஆக்சில் குடும்பம்தான். சுசுகி ட்ராக் பாரை லேட்டரல் ராட் என்கிறது. 40, 50 மி.மீ. லிஃப்டுக்கு நீளம் மாற்றும் லேட்டரல் ராடும் காஸ்டர் திருத்தமும் தாண்டிச் செலவு செய்யத் தேவையில்லை. ஆனால் மோட்டார் வாகனச் சட்டம் 52-வது பிரிவு கம்பெனி வடிவமைப்பை மாற்றுவதைக் கட்டுப்படுத்துகிறது. 182ஏ பிரிவின்படி அனுமதியில்லாத ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், ஆறு மாதம் வரை சிறை, அல்லது இரண்டும். விபத்து நடந்தால் இன்சூரன்ஸ் கம்பெனியும் இதையே கேட்கும்.

வேலை முடிந்த அன்றைக்கு வரிசை முக்கியம். வண்டியைத் தன் எடையில் தரையில் நிறுத்தி ட்ராக் பார் போல்ட்டுகளை டார்க் ரென்ச்சில் இறுக்குங்கள். அடுத்து டை ராடில் டோ (முன்சக்கரங்கள் உள்நோக்கியோ வெளிநோக்கியோ நிற்கும் அளவு), கடைசியாக டிராக் லிங்க்கில் ஸ்டியரிங் வீல். வீல் சாய்ந்திருக்க வண்டி நேராக ஓடினால், டிரைவர் திருப்புகிறார் என்று நினைத்து ஜேகேயின் ஈஎஸ்பி (சறுக்காமல் காக்கும் மின்னணு அமைப்பு) ஒரு சக்கரத்தைத் தானாக பிரேக் பிடிக்கலாம். முதல் 100 கி.மீ. ஓடியதும் அதே போல்ட்டுகளை மறுபடி இறுக்கிப் பாருங்கள்.